முதல் உலகப் போரில் அமெரிக்கா: ஊரைத் திரட்டியதும் வாயைக் கட்டியதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்க்காலத்தில் பேச்சுரிமை என்ன ஆகும் என்று பேச்சு வரும்போதெல்லாம் 1917-18 அமெரிக்காவை யாராவது உதாரணம் காட்டுவார்கள். உளவுச் சட்டம், டெப்ஸ் வழக்கு, ‘தியேட்டரில் தீ’ என்ற வாசகம் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

போர் நடந்தது ஐரோப்பாவில். அமெரிக்காவுக்குள் ஏன் இவ்வளவு கெடுபிடி?

மக்களுக்கு அந்தப் போரில் பெரிய ஈடுபாடு இல்லை என்பதுதான் காரணம். 1916 ஜனாதிபதி தேர்தலில் உட்ரோ வில்சன் ஜெயித்ததே ‘நம்மைப் போருக்குள் போகாமல் காத்தவர்’ என்ற கோஷத்தை வைத்துத்தான். ஐந்து மாதம் கழித்து, 1917 ஏப்ரல் 6 அன்று அதே வில்சனின் அரசு ஜெர்மனி மீது போர் அறிவித்தது. நாட்டில் லட்சக்கணக்கான ஜெர்மானியக் குடியேறிகள் இருந்தார்கள். பிரிட்டனுக்கு உதவுவதா என்று கொதித்த ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள். இது முதலாளிகளின் போர் என்ற சோஷலிஸ்டுகளும், எங்கோ நடக்கும் சண்டைக்கு நம் பிள்ளைகள் ஏன் போக வேண்டும் என்ற விவசாயிகளும் இருந்தார்கள். இத்தனை பேரையும் சில மாதங்களில் ஒரே பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

எப்படித் திருப்பினார்கள்?

போர் அறிவித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பொதுத் தகவல் குழு என்ற பெயரில் ஒரு பிரசார அமைப்பை வில்சன் உண்டாக்கி, ஜார்ஜ் கிரீல் என்ற பத்திரிகையாளரைத் தலைவராக்கினார். சுவரொட்டி, துண்டறிக்கை, சினிமா, பள்ளிப் பாடம் என்று அவர்கள் கை வைக்காத இடமில்லை. அமெரிக்காவின் உருவகமான, தொப்பி போட்ட அங்கிள் சாம் விரலை நீட்டி ‘நீதான் வேண்டும்’ என்று கூப்பிடும் படம் பரவியதும் அப்போதுதான். 40 லட்சத்துக்கும் மேல் அச்சிட்டார்கள்.

என்னைக் கேட்டால், அந்தக் குழுவின் கெட்டிக்காரத்தனம் முழுக்க ‘நான்கு நிமிடக்காரர்கள்’ ஏற்பாட்டில் இருக்கிறது. அன்றைய தியேட்டர்களில் ரீல் மாற்றச் சில நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் ஒருவர் மேடை ஏறி நான்கே நிமிடம் பேசிவிட்டு இறங்குவார். என்ன பேச வேண்டும் என்ற குறிப்பு வாஷிங்டனிலிருந்து வந்துவிடும். பேசுகிறவர் உள்ளூர் வக்கீலாகவோ கடைக்காரராகவோ இருப்பார். இப்படி நாடு முழுக்கச் சுமார் 75,000 தன்னார்வலர்கள். ரேடியோ வீட்டுக்கு வராத காலத்தில், அரசு சொல்ல வந்ததைத் தெரிந்த முகம் ஒன்று சொன்னது. தெரிந்த மனிதர் எதிரில் நின்று பேசும்போது எழுந்து போக யாருக்கு மனம் வரும்?

ரேஷன் இருந்ததா?

வீடுகளுக்கு, கூப்பன் கொடுத்து அளக்கும் கட்டாய ரேஷன் இல்லை. உணவு நிர்வாகத்தின் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் ஜனாதிபதியானவர், ‘மக்கள் தாங்களாகவே குறைத்துக்கொள்ளட்டும்’ என்றார். திங்களும் புதனும் கோதுமை கிடையாது, செவ்வாயில் இறைச்சி கிடையாது என்று சொல்லப்பட்டது. குடும்பத் தலைவிகள் உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டால், ஜன்னலில் மாட்ட ஓர் அட்டை தருவார்கள்.

அந்த ஜன்னல் அட்டையில்தான் சூட்சுமம். அதை மாட்டாத வீடு எது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். சட்டப்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். அந்த இரண்டு வருடக் கதையையும் இந்த ஒரு கோணத்தில் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். கட்டாயம் என்று அரசு சொல்லாத இடங்களில் எல்லாம், கட்டாயப்படுத்தும் வேலையை ஊர்க்காரர்கள் தலையில் ஏற்றிக்கொண்டார்கள்.

நிலக்கரி விஷயம் வேறு. 1918 ஜனவரியில் கடும் குளிரும் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தபோது, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பாலான தொழிற்சாலைகளைச் சில நாள் மூடச்சொல்லி நேரடியாகவே உத்தரவு வந்தது. ரயில்களையும் அரசு ஏற்கெனவே கையில் எடுத்திருந்தது.

போர்க் கடன் பத்திரம் வாங்குவது விருப்பம்தானே?

காகிதத்தில் விருப்பம்தான். லிபர்ட்டி லோன் என்ற பெயரில் நான்கு தவணை, போர் முடிந்ததும் ‘விக்டரி’ என்று ஒன்று. மொத்தம் சுமார் 2,100 கோடி டாலர் திரண்டது. சார்லி சாப்ளின், மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் எல்லாரும் ஊர் ஊராகப் போய் விற்றார்கள். கையில் காசில்லாதவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் 25 சென்ட் ஸ்டாம்ப்.

ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இலக்கு உண்டு. அதை முடிக்கும் பொறுப்பு உள்ளூர்க் கமிட்டிக்கு. யாருக்கு எவ்வளவு வசதி, அவர் எவ்வளவு வாங்க வேண்டும் என்று கமிட்டியே கணக்குப் போட்ட இடங்கள் உண்டு. வாங்காதவர் வீட்டுச் சுவரில், கடை வாசலில், சில சமயம் ஆள் மேலேயே மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் ‘ஸ்லாக்கர்’, அதாவது கடமையிலிருந்து நழுவுகிறவன்.

ஒரு கிளைச் செய்தி. 1918 செப்டம்பர் 28 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நான்காவது லோனுக்காக ஒரு பெரிய ஊர்வலம் நடந்தது. ஸ்பானிஷ் ஃப்ளூ ஊருக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது, ஊர்வலத்தை நிறுத்துங்கள் என்று மருத்துவர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. சுமார் 2 லட்சம் பேர் தெருவில் நெருக்கியடித்து நின்றார்கள். சில நாட்களிலேயே ஊர் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன.

உளவுச் சட்டம் என்பது உளவாளிகளைப் பிடிக்கத்தானே?

பெயர் அப்படித்தான். 1917 ஜூன் 15-இல் வில்சன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தில் உண்மையான உளவு வேலை பற்றிய பிரிவுகளும் உண்டு. அவற்றோடு இன்னொரு பிரிவையும் சேர்த்திருந்தார்கள்: படையில் கீழ்ப்படியாமையைத் தூண்டினாலோ, ஆள் சேர்ப்பைத் தடுத்தாலோ 20 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். பெரும்பாலான வழக்குகள் இந்தப் பிரிவின் கீழ் வந்தவைதான். அதுவும் போதாதென்று 1918 மே 16-இல் இன்னொரு திருத்தம் வந்தது. தேசத் துரோகச் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். அரசு முறை, அரசியல் சட்டம், கொடி, ராணுவச் சீருடை இவற்றைப் பற்றி இழிவாகப் பேசுவதே குற்றம் என்று ஆகிவிட்டது.

பத்திரிகைகளை முன்கூட்டியே தணிக்கை செய்யும் அதிகாரத்தையும் வில்சன் கேட்டார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மறுத்துவிட்டது. அப்பாடா என்று நினைத்தால், அதே சட்டத்தில் தபால் துறைக்கு ஓர் அதிகாரம் போயிருந்தது: ஆட்சேபகரமான எதையும் தபாலில் ஏற்க வேண்டாம். அந்தக் காலத்தில் பத்திரிகை சந்தாதாரருக்குப் போவதே சலுகைத் தபாலில்தான். தபால் துறைத் தலைவர் ஆல்பர்ட் பர்லெசன் ‘தி மாசஸ்’ என்ற இடதுசாரிப் பத்திரிகையின் 1917 ஆகஸ்ட் இதழை நிறுத்திவைத்தார். அப்புறம் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஓர் இதழ் தபாலில் போகவில்லை, ஆகவே இது ஒழுங்காக வெளிவரும் பத்திரிகை அல்ல, ஆகவே சலுகைத் தபால் உரிமை ரத்து! நிறுத்தியவர்களே, நின்றுபோனது என்று குற்றம் சொன்னார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பத்திரிகை மூடப்பட்டது.

உண்மையில் எதற்கெல்லாம் தண்டனை கொடுத்தார்கள்?

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது வழக்கு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தண்டனை. சிலவற்றைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

ராபர்ட் கோல்ட்ஸ்டீன் என்ற தயாரிப்பாளர் ‘தி ஸ்பிரிட் ஆஃப் செவன்ட்டி சிக்ஸ்’ என்று அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். தேசபக்திப் படம்தான். ஆனால் விடுதலைப் போர் என்றால் எதிரி பிரிட்டிஷ்காரன் அல்லவா? அவர்கள் செய்த கொடுமைகளைக் காட்டியிருந்தார். 1917-இல் பிரிட்டன் கூட்டாளி. கூட்டாளி மேல் வெறுப்பைக் கிளப்புகிறார் என்று 10 ஆண்டு சிறை. பின்னர் வில்சன் அதை 3 ஆண்டாகக் குறைத்தார்.

ரோஸ் பாஸ்டர் ஸ்டோக்ஸ் என்ற சோஷலிஸ்ட் பெண் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், ‘கொள்ளை லாபக்காரர்களுக்காக இருக்கும் அரசு மக்களுக்காகவும் இருக்க முடியாது’ என்ற கருத்தைச் சொன்னார். அவருக்கும் 10 ஆண்டு. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை.

மொன்டானா மாநிலம் தனியாகவே ஒரு சட்டம் போட்டது. ஹூவரின் உணவுக் கட்டுப்பாட்டைப் ‘பெரிய ஜோக்’ என்று சொன்ன ஒரு மதுபான விற்பனையாளருக்கு ஏழரை முதல் 20 ஆண்டு வரை தண்டனை. ஏறக்குறைய மூன்று வருடம் உள்ளே இருந்தார். 2006-இல்தான் அந்த மாநில ஆளுநர், இப்படித் தண்டிக்கப்பட்ட 78 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்.

யூஜின் டெப்ஸ் வழக்கு என்ன?

டெப்ஸ் சோஷலிஸ்ட் கட்சியின் முகம். நான்கு முறை ஜனாதிபதி தேர்தலில் நின்றவர். 1918 ஜூன் 16 அன்று ஒஹையோ மாநிலம் கான்டன் நகரில் ஒரு பூங்காவில் பேசினார். ‘எப்போதும் போரை அறிவிப்பது ஆளும் வர்க்கம், போய்ச் சண்டை போடுவது ஆளப்படும் வர்க்கம்’ என்றார். படையில் சேராதே என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனாலும் 10 ஆண்டு. உச்ச நீதிமன்றம் 1919 மார்ச்சில் அதை ஒருமனதாக உறுதி செய்தது.

1920 தேர்தலில் அட்லாண்டா சிறையில் இருந்தபடியே ஐந்தாவது முறையாக நின்றார். ‘கைதி எண் 9653-ஐ ஜனாதிபதி ஆக்குங்கள்’ என்று ஆதரவாளர்கள் பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். 9 லட்சத்துக்கும் மேல் வாக்கு. வில்சன் கடைசிவரை அவரை விடுவிக்கவில்லை. அடுத்து வந்த ஹார்டிங், யாரும் பெரிய தாராளவாதி என்று சொல்லாதவர், 1921 கிறிஸ்துமஸுக்கு விடுவித்து, வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கைகுலுக்கி அனுப்பினார்.

அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காக்கிறதே. நீதிமன்றம் என்ன செய்தது?

போர் நடக்கும்போது ஒன்றும் செய்யவில்லை. பெரிய வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததே போர் நின்ற பிறகு. அப்போதும் முதலில் வந்த தீர்ப்புகள் அரசின் பக்கம்தான்.

ஷெங்க் வழக்கில் (மார்ச் 1919) குற்றம் ஒரு துண்டறிக்கை. கட்டாய ராணுவச் சேவை அடிமைத்தனத்துக்குச் சமம், அதை எதிர்த்து மனுப் போடுங்கள் என்றது அது. நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், தியேட்டரில் பொய்யாகத் ‘தீ’ என்று கத்திப் பீதி கிளப்ப யாருக்கும் உரிமை இல்லை என்று எழுதி, தண்டனையை உறுதி செய்தார். இன்றைக்கும் பேச்சுரிமைக்கு எல்லை உண்டு என்று வாதிடுபவர்கள் இந்த வாசகத்தை எடுத்து வீசுகிறார்கள். மனுப் போடச் சொன்ன ஒரு காகிதத்துக்கு எதிராக அது எழுதப்பட்டது என்பதைச் சேர்த்துச் சொல்வது நல்லது.

அதே ஹோம்ஸ் அதே ஆண்டு நவம்பரில் ஏப்ரம்ஸ் வழக்கில் மாறி எழுதினார். நியூயார்க்கில் மாடி ஜன்னலிலிருந்து துண்டறிக்கைகளை வீசிய, ரஷ்யாவிலிருந்து குடியேறிய இளைஞர்களுக்கு 20 ஆண்டு வரை தண்டனை. பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்க, ஹோம்ஸும் பிராண்டைஸும் மட்டும் மறுத்தார்கள். கருத்துகள் ஒன்றோடொன்று மோதி எது நிலைக்கிறதோ அதுவே உண்மைக்கு நல்ல சோதனை என்றது ஹோம்ஸின் மாற்றுத் தீர்ப்பு. அதன் போக்கு சட்டமாக ஐம்பது வருடம் ஆயிற்று. 1969-இல் பிராண்டன்பர்க் வழக்கில், உடனடியாகச் சட்டமீறலைத் தூண்டி, அது நடக்கவும் வாய்ப்புள்ள பேச்சைத்தான் தண்டிக்கலாம் என்று முடிவானது.

இதில் சாதாரண மக்களின் பங்கு என்ன?

மிகப் பெரியது. அரசிடம் அப்போது இத்தனை பேரைக் கண்காணிக்க ஆளே இல்லை. சிகாகோவில் ஒரு விளம்பரத் தொழில்காரர் தொடங்கிய அமெரிக்கப் பாதுகாப்பு லீக் அந்த இடத்தை நிரப்பியது. மத்திய நீதி அமைச்சகத்தின் ஆசியோடு, சுமார் 2.5 லட்சம் தன்னார்வலர்கள். வங்கி அதிகாரி, இன்சூரன்ஸ் ஏஜென்ட், கடை மேனேஜர் எல்லாரும் பேட்ஜை வைத்துக்கொண்டு அண்டை வீட்டுக்காரரைப் பற்றி ரிப்போர்ட் எழுதினார்கள்.

1918 செப்டம்பர் தொடக்கத்தில் நியூயார்க்கில் மூன்று நாள் ‘ஸ்லாக்கர்’ வேட்டை நடந்தது. ரயில் நிலையம், தியேட்டர், ஹோட்டல், தெருமுனை என்று எல்லா இடத்திலும் ஆண்களை நிறுத்தி ராணுவப் பதிவு அட்டையைக் காட்டச் சொன்னார்கள். சட்டைப்பையில் அட்டை இல்லை என்றால் பிடித்துப் போனார்கள். இப்படிப் பல்லாயிரம் பேர். மிகப் பெரும்பாலானோர் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள். செனட்டிலேயே கூச்சல் எழுந்தது.

கூட்டம் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இல்லினாய் மாநிலம் காலின்ஸ்வில் சாட்சி. ராபர்ட் பிரேகர் ஜெர்மனியில் பிறந்த சுரங்கத் தொழிலாளி. அமெரிக்கக் கடற்படையில் சேர முயன்று, ஒரு கண் கண்ணாடிக் கண் என்பதால் தேறாதவர். 1918 ஏப்ரலில் ஓர் இரவு, ஜெர்மன் உளவாளி என்று சொல்லிக் கூட்டம் அவரைச் செருப்பில்லாமல் தெருவில் நடத்தியது. கொடியைப் போர்த்திப் பாட வைத்தார்கள். போலீஸ் மீட்டுப்போய் உள்ளே வைத்தும், அங்கிருந்து இழுத்துவந்து ஊருக்கு வெளியே மரத்தில் தொங்கவிட்டார்கள். கடைசி ஆசையாகப் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுத விட்டார்கள். வழக்கு நடந்தது, 11 பேரும் விடுதலை.

ஜெர்மானியர்கள் எல்லாரையும் முகாமில் அடைத்தார்களா?

இல்லை. குடியுரிமை பெறாத ஜெர்மானியர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சில ஆயிரம் பேர் கைதானார்கள். அவர்களில் ஒரு பகுதியினரே முகாமுக்குப் போனார்கள். பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுவை வழிநடத்திய கார்ல் முக்கும் அவர்களில் ஒருவர். பெரிய அடி மொழிக்குத்தான் விழுந்தது. அயோவா ஆளுநர் ஹார்டிங் (ஜனாதிபதி ஹார்டிங் வேறு) 1918 மே மாதத்தில், பள்ளியிலும் ரயிலிலும் டெலிஃபோனிலும் வழிபாட்டிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று அறிவித்தார். தேவாலய ஜெபத்துக்கும் ஆங்கிலம்! 1923-இல்தான் உச்ச நீதிமன்றம், பள்ளியில் பிள்ளைகளுக்குப் பிறமொழி கற்றுத் தருவதைத் தடுக்கும் நெப்ராஸ்கா சட்டத்தைச் செல்லாது என்றது.

தொழிலாளர்கள்?

‘போருக்குக் குறுக்கே நிற்கிறாய்’ என்ற குற்றச்சாட்டு முதலாளிகளுக்கு வசதியாகப் போயிற்று. அரிசோனாவின் பிஸ்பி செம்புச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம். 1917 ஜூலை 12 விடியற்காலையில் ஷெரிஃபும் அவர் திரட்டிய ஆயுதம் தாங்கிய ஆட்களும் வீடு வீடாகப் போய் ஆட்களை எழுப்பி, பேஸ்பால் மைதானத்தில் குவித்து, சுமார் 1,200 பேரை மாடு ஏற்றும் சரக்கு ரயிலில் ஏற்றி நியூமெக்சிகோ பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

மத நம்பிக்கையால் சண்டை போட மறுத்தவர்கள்?

அவர்களுக்குச் சண்டையில்லாத ராணுவ வேலை தரலாம் என்று சட்டம் சொன்னது. சீருடையே போட மாட்டோம் என்றவர்கள் பாடு கஷ்டம். தெற்கு டகோட்டாவின் போரை ஏற்காத ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜோசஃப், மைக்கேல் ஹோஃபர் சகோதரர்கள் அல்கட்ராஸ் சிறையில் வதைபட்டு, லெவன்வொர்த் ராணுவச் சிறைக்கு மாற்றப்பட்ட சில நாட்களில் இறந்தார்கள். அப்போது போர் முடிந்திருந்தது. ஹட்டரைட்டுகளில் பெரும்பாலோர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

இந்தியர்களுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, இரண்டு வகையில். சான் ஃபிரான்சிஸ்கோவில் கதர் (Ghadar) இயக்கத்தினர், அதாவது அமெரிக்காவிலிருந்து இந்திய விடுதலைக்குப் பாடுபட்டவர்கள் மீது, ஜெர்மனியோடு சேர்ந்து பிரிட்டிஷ் இந்தியாவில் கலகம் செய்யச் சதி என்று 1917 நவம்பரில் வழக்குத் தொடங்கியது. 1918 ஏப்ரலில் விசாரணையின் கடைசி நாளன்று, நீதிமன்றத்துக்குள்ளேயே இயக்கத் தலைவர் ராம் சந்திராவை உடன் குற்றம்சாட்டப்பட்ட ராம் சிங் சுட்டுக்கொன்றார். அவரையும் அங்கேயே மார்ஷல் சுட்டுவிட்டார்.

இன்னொன்று நம்மூர்க் கதை. வில்சன் உளவுச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே நாட்களில்தான், சென்னை மாகாண அரசு இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அன்னி பெசன்ட்டை ஊட்டிக்கு அனுப்பிக் காவலில் வைத்தது. மதுரையில் பிறந்தவர், சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி, சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் கொதித்துப் போனார். ஜூன் 24 அன்று ஒரு கடிதம் எழுதினார், ஜனாதிபதி வில்சனுக்கு! இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி எப்படி நடக்கிறது என்று விவரித்து, ஜனநாயகத்துக்காகப் போரிடுவதாகச் சொல்லும் நீங்கள் தலையிடுங்கள் என்று கேட்டார். லண்டனில் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகு அவரைக் கடிந்துகொண்டபோது, தன் ‘சர்’ பட்டத்தையே துறந்துவிட்டார். எழுதியவர் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் அந்த முகவரியில் இருந்தவர் ஒன்பது நாள் முன்புதான் என்ன செய்திருந்தார் என்று சென்னைக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

போர் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆயிற்றா?

தேசத் துரோகத் திருத்தம் 1920 டிசம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் 1919-20 குளிர்காலத்தில் அட்டர்னி ஜெனரல் பாமர் நடத்திய திடீர்ச் சோதனைகள், ‘பாமர் ரெய்டுகள்’, நடந்தன. இந்த முறை குறி கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்ட குடியேறிகள். போர்க்காலத்தில் அன்னியர் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஜே. எட்கர் ஹூவர் என்ற இளைஞர் அதில் முக்கிய ஆள். அவரே பிற்பாடு எஃப்பிஐயின் தலைவராகப் பல பத்தாண்டு இருந்தார். எதிர்ப்புறத்தில், போரில் சேர மறுத்தவர்களுக்கு உதவ 1917-இல் உருவான அமைப்பு, 1920-இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமாக (ACLU) வளர்ந்தது.

இந்தியாவிலும் இதே கதைதான். போருக்காகப் போட்ட சட்டத்தின் அதிகாரங்களைப் போர் முடிந்தும் விட மனமில்லாமல் ரௌலட் சட்டம் வந்தது. டெப்ஸ் தீர்ப்பு வந்த அதே 1919 மார்ச்சில்.

அப்படியானால் போர்க்காலத்தில் கட்டுப்பாடே கூடாது என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. கப்பல் எப்போது புறப்படுகிறது என்பதை யாரும் பத்திரிகையில் போட வேண்டாம். நிலக்கரி இல்லாதபோது தொழிற்சாலையை மூடுவதிலும் நியாயம் உண்டு. அந்த உத்தரவு எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது, யார் போட்டார் என்றும் தெரிந்தது, கோபப்படவும் ஓர் ஆள் இருந்தார். பேட்ஜ் போட்ட அண்டை வீட்டுக்காரர் மேல் எங்கே போய் முறையிடுவது? என் கணிப்பில், கட்டாய ரேஷனும் வெளிப்படையான வரியும் இந்த ‘விருப்ப’ ஏற்பாட்டைவிடக் கண்ணியமானவை. இதை மறுப்பவர்களும் உண்டு. விருப்பமாக விட்டதால்தான் அதிகாரிகள் கூட்டம் பெருகவில்லை என்பது அவர்கள் வாதம்.

உளவுச் சட்டம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1918 திருத்தம்தான் போயிற்று, 1917 சட்டம் போகவில்லை. இப்போது அது பெரும்பாலும் ரகசிய ஆவணங்களை வெளியிட்டவர்கள் மேல் பாய்கிறது. வியட்நாம் போர் ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க் (வழக்கு 1973-இல் தள்ளுபடி), செல்சி மேனிங், எட்வர்ட் ஸ்னோடன், ஜூலியன் அசாஞ்ச் என்று பட்டியல் நீள்கிறது. ஜெர்மானியர்களைப் பதிவு செய்யப் பயன்பட்ட அன்னிய எதிரிகள் சட்டம் இன்னும் பழசு, 1798-இல் போட்டது. அதையும் யாரும் நீக்கவில்லை. 2025 மார்ச்சில் வெனிசுவேலாக்காரர்களை நாடு கடத்த ட்ரம்ப் அரசு அதைத்தான் எடுத்தது.